உஷார்! காது அடைத்தால் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ வேண்டாம்

காலையில் எழுகிறீர்கள். ஒரு காது மட்டும் அடைத்தாற்போல் இருக்கிறது. கைப்பேசியை அந்தக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. மறு காதுக்கு மாற்றினால் கேட்கிறது. உள்ளே ‘கொய்ங்’ என்று ஓர் இரைச்சல் வேறு. அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். “குளிக்கும்போது தண்ணி போயிருக்கும்” என்பீர்கள். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் இரண்டு குதி குதிப்பீர்கள். அம்மா இருந்தால் நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சுவார். அதற்குள் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கியிருக்கும்; வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை வரை சரியாகவில்லை என்றால் கிளினிக் போகலாம், அவ்வளவுதானே?

வேண்டாம். அன்றைக்கே போங்கள். எம்.சி. எடுத்துக்கொண்டாவது போங்கள்.

அந்த அடைப்பு வெறும் குரும்பியாக இருந்தால் நல்லது, பத்து நிமிட வேலை. ஆனால் அது உள்காதிலும் நரம்பிலும் திடீரென்று ஏற்படும் கேள்வி (கேட்கும் திறன்) இழப்பாகவும் இருக்கலாம். மூன்று நாளுக்குள், சில சமயம் ஒரே இரவில், ஒரு காதின் கேள்வி சரிந்துவிடும். வலி இருக்காது, ரத்தம் வராது, சீழ் வராது. வலித்தால்தான் ஓடியிருப்போமே! இதற்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்தை இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் கையாளும் கணக்கு. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதில் முழுதாகத் தேறாதவர்களுக்குச் செவிப்பறை வழியாக ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் சுமார் ஆறு வாரம் வரைதான் அவகாசம். அதன் பிறகு வருகிறவரிடம் டாக்டர் அனுதாபமாகப் பேசலாம், வேறு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

2024 ஜூன் மாதம் இந்திப் பாடகி அல்கா யாக்னிக் இன்ஸ்டகிராமில் எழுதியதைப் பலர் படித்திருப்பீர்கள். விமானத்திலிருந்து இறங்கி நடந்தபோது எதுவுமே கேட்கவில்லை என்றும், ஒரு வைரஸ் தாக்குதலால் வந்த நரம்புக் கேள்வி இழப்பு என்று டாக்டர்கள் கண்டறிந்ததாகவும் சொல்லியிருந்தார். காதை வைத்தே வாழ்ந்த ஒருவருக்கு இது முன்னறிவிப்பில்லாமல் வந்திருக்கிறது. நமக்கு மட்டும் கடிதம் போட்டுவிட்டா வரும்?

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்ம்’ என்று முனகுங்கள். அடைத்த காதில் அந்தச் சத்தம் பலமாகக் கேட்டால் பெரும்பாலும் குரும்பி, தண்ணீர், சளி மாதிரியான அடைப்பு. நல்ல காதுப் பக்கமாகவே சத்தம் ஒதுங்கினால் நரம்பு விவகாரம் என்று சந்தேகப்படுங்கள். டாக்டர் இதையே இசைக்கவை ஒன்றை நெற்றியில் வைத்துச் செய்வார். இந்த முனகலை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். டாக்டரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டுமே இது.

சொல்வதும் முக்கியம். “காது அடைச்சிருக்கு டாக்டர்” என்றால், கூட்டம் நிறைந்த கிளினிக்கில் காதுக்குள் ஒரு விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுச் சளி மாத்திரையும் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு லாரி ஓட்டுநருக்கு அப்படித்தான் நடந்தது. மூன்றாவது கிளினிக்கில்தான் ஒருவர் “ஆடியோகிராம் எடுத்தீங்களா?” என்று, கேள்வியை அளக்கும் சோதனையைப் பற்றிக் கேட்டார். அதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. ஆகவே இப்படிச் சொல்லுங்கள்: “நேத்து வரைக்கும் நல்லா கேட்டுச்சு, இன்னிக்கு இந்தக் காது கேக்கல. நரம்புப் பிரச்சனையா இருக்குமா? காது மூக்கு தொண்டை ஸ்பெஷலிஸ்டுக்குக் கடிதம் கொடுங்க.” நீரிழிவு இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். அதற்கேற்றபடி அவர்கள் கவனித்துக்கொள்வார்கள், அல்லது ஊசி வழிக்குப் போவார்கள். சர்க்கரைக்குப் பயந்து மருந்தையே தொடாமல் இருந்தவர்களும் உண்டு.

இது நாள் கணக்கில் வரும் ஆபத்து. ஆண்டுக் கணக்கில் வரும் இன்னொன்று நம் வீடுகளில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. என்னை உண்மையில் பயமுறுத்துவது அதுதான்.

என் பெரியப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. எழுபதுகளில் தோட்டத்திலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலை தேடி வந்தவர். செக்‌ஷன் 51 பக்கம் தகடு வெட்டி அச்சுப் பதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள். அன்றைக்குக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் மற்ற ஆட்கள் சிரிப்பார்களாம். “ஆரம்பத்துல தலை வலிக்கும், அப்புறம் பழகிடும்டா” என்பார். காது பழகவில்லை, செத்துக்கொண்டிருந்தது என்று அப்போது அவருக்குச் சொல்ல ஆள் இல்லை.

அவருக்குக் கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரிய எத்தனை ஆண்டு ஆயிற்று தெரியுமா? பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெரியம்மாதான் காரணம், பாவம், அன்பால்தான். நாங்கள் ஏதாவது கேட்டால் பெரியப்பா திரும்பிப் பெரியம்மா முகத்தைப் பார்ப்பார். “கார் சர்வீஸ் பண்ணியாச்சான்னு கேக்குறாங்க” என்று அவர் சற்று உரக்கச் சொல்வார். பெரியப்பா சரியாகப் பதில் சொல்வார். போன் வந்தால் பெரியம்மா எடுப்பார். வங்கிக்குப் போனாலும் கிளினிக் போனாலும் பெரியம்மா கூடவே போவார். இரண்டு பேருக்குமாக ஒரு ஜோடிக் காது. வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றுமையான தம்பதி!

ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு “தட்டு எடுங்க” என்று மருமகள் கேட்டதற்கு, “பட்டு எதுக்கு இப்ப?” என்றார். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த ஆண்டுக்குப் பிறகு திருமண வீடுகளுக்கும் கோயில் பந்திக்கும் வருவதைக் குறைத்துக்கொண்டார். “முட்டி வலி” என்றார். சித்தி விநாயகர் கோயிலில் திருவிழா முடிந்து பந்தியில் உட்கார்ந்து பேசுவது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்த எங்களில் ஒருவருக்கும் முட்டி வலிக்கும் பந்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்காவில் பல ஆண்டுகள் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. கேள்விக் கருவி தேவை என்ற நிலைக்கு வந்தவர்கள் அதை உண்மையில் மாட்டிக்கொள்ளச் சராசரியாக 8.9 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டு. மூக்குக் கண்ணாடிக்கு யாராவது ஒன்பது ஆண்டு யோசிப்பார்களா? எழுத்து மங்கினால் மறுவாரமே கடைக்குப் போய், முகத்துக்கு எந்த ஃப்ரேம் எடுப்பாக இருக்கும் என்று கண்ணாடி பார்க்கிறோம். காதுக்கு மட்டும் கூச்சம். ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று பழமொழியிலேயே கேலி செய்து வைத்திருக்கிறோமே, பின்னே கூச்சம் வராமல் என்ன செய்யும்?

தாமதத்துக்கு இன்னொரு காரணம் இந்தக் குறையின் குணத்திலேயே இருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் கேள்விக் குறைவில் எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் பிறவியிலேயே கிடைத்த சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள். செத்தது திரும்ப முளைக்காது. உயர்ந்த சுருதியைப் பிடிப்பவை வாசலருகே இருக்கின்றன. வயதாலும் சத்தத்தாலும் முதலில் அடிபடுவதும் அவைதாம். பேச்சில் அ, ஆ, ஓ என்னும் உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த சுருதியில் வருபவை. க், ச், ட், த், ப் ஆகியவை மெலிந்தவை, மேல் சுருதியில் நொடியில் வந்து போகிறவை. ஆகவே உயிர் கேட்கும், மெய் கேட்காது! பட்டு, தட்டு, கட்டு எல்லாம் ஒன்றாகிவிடும். “நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் முனகுறீங்க” என்று அவர் சண்டை போடுவது பொய்யில்லை. அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை. மின்னல் பண்பலை வானொலியை அலறவிடுவதும், பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் மட்டும் எட்டாமல் போவதும், மாமாக் கடை இரைச்சலில் எதற்கெடுத்தாலும் தலையாட்டிவிட்டுச் சிரிப்பதும் இதன் அடையாளங்கள். அந்தச் சிரிப்பைக் கவனியுங்கள். ஒன்றும் புரியாதபோது வரும் சிரிப்பு அது.

புரியாமல் தலையாட்டுவதில் ஆபத்து நிறைய. மருந்தாளர் “சாப்பாட்டுக்கு முன்னாடி பாதி மாத்திரை” என்று சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்து முழு மாத்திரை போடுபவர் எத்தனை பேர்! தெருவில் இறங்கினாலும் ஆபத்துதான்: பழைய கிள்ளான் சாலையைக் கடக்கும்போது பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் கேட்காது.

மூளையைப் பற்றியும் சொல்ல வேண்டும், கவனமாகச் சொல்ல வேண்டும். ‘மெஷின் போடாவிட்டால் மறதி நோய் வரும்’ என்று பயமுறுத்தி விற்கும் விளம்பரங்களும் சுற்றுகின்றன. ‘லான்செட்’ இதழின் ஆய்வுக் குழு 2024-இல், நாம் மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் ஒரு பகுதியைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அவற்றில் கேள்விக் குறைவின் பங்கை 7 விழுக்காடு என்று கணக்கிட்டது. பட்டியலில் அதுவும் கெட்ட கொழுப்பும்தான் முதலிடம். ஆனால் 2023-இல் வந்த ஓர் அமெரிக்கச் சோதனையில், 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்றாண்டு கவனித்தபோது, மொத்தத்தில் கருவி போட்டவருக்கும் போடாதவருக்கும் நினைவுத்திறனில் வேறுபாடு தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் சரிவு 48 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆக, கருவி ஒன்றும் மறதிக்குத் தாயத்து இல்லை. பேச்சிலிருந்து விலகி, பந்தியிலிருந்து விலகி, தனி அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் பத்து ஆண்டு உட்காருகிறவரின் மூளைக்கு அது நல்லதில்லை என்பதைச் சொல்ல மட்டும் எந்த ஆய்வும் தேவையில்லை.

நம்மவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை ஒன்று. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கேள்விக் குறைவு சுமார் இரு மடங்கு என்று அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தின் ஆய்வு 2008-லேயே சொல்லிவிட்டது. உள்காதின் ரத்தக் குழாய்கள் மயிரிழையினும் நுண்ணியவை. சர்க்கரை முதலில் கைவைப்பது அப்படிப்பட்ட குழாய்களில்தான். கண்ணுக்கும் காலுக்கும் ஆண்டுதோறும் சோதனை எழுதித் தருகிறார்கள். காதை நீங்களாகக் கேட்டால்தான் உண்டு.

இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு. சுங்கை வே, ஷா ஆலம், கிள்ளான் துறைமுகம், செம்பனை ஆலைகள் என்று எங்கே வேலை செய்தாலும் சரி. இந்த நாட்டில் 1989-லேயே தொழிற்சாலைச் சத்தத்துக்கு விதி வந்துவிட்டது. அப்போது வரம்பு 90 டெசிபல். 2019 ஜூன் 1 முதல் புதிய விதிமுறைப்படி எட்டு மணி நேர வேலைக்கு 85. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்பது கணக்கு: 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு, 100 என்றால் கால் மணி நேரம்தான். அளவுமானி கையில் இல்லையா? கைநீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால் வரம்பைத் தாண்டியாயிற்று. இந்த வரம்புக்கு மேல் வேலை செய்பவர்களுக்கு முதலாளி ஆண்டுதோறும் கேள்விச் சோதனை எடுக்க வேண்டும். எடுத்தால் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். அந்தத் தாளில் இருப்பது உங்கள் காது.

வேலைச் சத்தத்தால் வந்த செவிட்டுத்தன்மை, தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சட்டத்தில் தொழில்சார் நோய். இழப்பீடு கேட்கலாம், கருவிக்கும் உதவி கேட்கலாம். ஆனால் வேலையை விட்டபின் கோருவதற்குக் காலவரம்பு உண்டு. பெரியப்பா ஓய்வு பெற்றுப் பல ஆண்டு ஆனபிறகுதான் எங்களுக்கு இந்தச் சேதியே தெரிந்தது. ‘வயசானா அப்படித்தான்’ என்று தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் அவருடைய பணமாகவும் இருந்திருக்கிறது. உங்கள் அப்பா இன்னும் வேலையில் இருக்கிறாரா, அண்மையில்தான் ஓய்வு பெற்றாரா? இந்த வாரமே சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இளையவர்கள் சிரிக்க வேண்டாம். உறுமிக் குழுவில் இருக்கும் தம்பிமாரே, பத்துமலைக்குக் காவடியோடு போகும்போது மணிக்கணக்காக உறுமியை அடித்துக்கொண்டு நடக்கிறீர்கள். முடிந்து வந்த இரவு காதில் ரீங்காரம் கேட்கிறதா? அது சாமி அருள் இல்லை. செல்கள் அடிபட்டதற்கான முதல் கடிதம். இசைக்காரர்களுக்கென்றே காதடைப்பான் விற்கிறார்கள். தாளம் கெடாது, சத்தம் மட்டும் குறையும்.

சரி, எங்கே போவது? பெட்டாலிங் ஜெயாவில் இருந்துகொண்டு வசதியில்லை என்று சொல்ல வாயில்லை. கிளானா ஜெயாவில் அரசாங்க கிளினிக் இருக்கிறது. குடிமகனுக்கு ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். நம் ஊர் எல்லையிலேயே இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, நம் பெரியவர்கள் இன்னும் ‘யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்வது, அங்கும் ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார்கள். கூட்டம் இருக்கும், தேதி தள்ளித்தான் கிடைக்கும். அதனால்தான் இன்றைக்கே வரிசையில் நில்லுங்கள் என்கிறேன். திடீரென்று கேட்காமல் போனவர் மட்டும் அந்தத் தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவோ, கைக்காசு போட்டுத் தனியார் ஸ்பெஷலிஸ்டோ, அன்றே பார்க்க வேண்டும். அதே மாதிரி நாற்றத்தோடு சீழ் வடிகிற காது, ஒரு பக்கம் மட்டும் குறைந்துகொண்டே போகிற கேள்வி, தலைசுற்றலோடு வரும் அடைப்பு, முகம் ஒரு பக்கம் இழுப்பது, இவற்றுக்கெல்லாம் காத்திருக்க நேரமில்லை.

கேள்விச் சோதனை வலிக்காது. சத்தம் புகாத சிறு அறையில் உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவே.

இணையத்தில் ஐம்பது, நூறு வெள்ளிக்கு ‘காது மெஷின்’ வாங்கி அப்பாவுக்குப் பரிசளிக்கும் பாசக்காரப் பிள்ளைகளே, உஷார். பெரும்பாலும் அது எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டித் தரும் ஒலிபெருக்கி. அவருக்குக் குறைந்திருப்பது மெய்யெழுத்து. நீங்கள் கூட்டித் தருவதோ பஸ் இரைச்சல். இரண்டு நாளில் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, “மெஷினெல்லாம் சரிவராது” என்று ஆயுளுக்கும் முடிவு கட்டிவிடுவார். சரியான கருவி, ஒவ்வொருவரின் ஆடியோகிராமைப் பார்த்து அமைக்கப்படுவது. அதைச் செய்யும் ஆடியோலஜிஸ்ட், 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டப்படி பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. விலை ஆயிரக்கணக்கில் போகும், உண்மைதான். வருமானம் குறைந்தவர்கள் சமூக நல இலாகாவில் உதவி கேட்கலாம். டாக்டர் சான்றளித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. கார்டு கிடைத்தால், அத்தகைய கருவிகள் வாங்கிய செலவுக்கு 6,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவும் உண்டு. ‘என் அப்பனுக்கு ஓ.கே.யு. கார்டா’ என்று முகம் சுளிக்கும் மகன்களைப் பார்த்திருக்கிறேன். கார்டு வாங்குவது அவமானமாம். மேசையில் அவர் தனியாக மென்றுகொண்டிருப்பது மட்டும் பரவாயில்லையாம்.

கருவி மாட்டிய முதல் சில வாரங்கள் சிரமம்தான். தட்டுகள் மோதும் சத்தம் மண்டையில் இடிக்கும், தன் குரலே வேற்று ஆள் குரலாக ஒலிக்கும். ஆண்டுக்கணக்கில் பாதிச் சத்தத்தோடு வாழ்ந்த மூளை மறுபடி பழக வேண்டுமே. மறுமுறை போய் அளவு திருத்திக்கொள்ள வேண்டும்.

போன மாதம் பெரியப்பாவை நானே கூட்டிக்கொண்டு போனேன். காத்திருக்கும் இடத்தில் எண்ணை ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறார்கள், அதுவும் மலாயில், அதுவும் காது டாக்டரைப் பார்க்க வந்தவர்களை! பெரியப்பா திரையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை முடிந்து வெளியே வந்த ஆடியோலஜிஸ்ட், கோட்டுப் படத்தைக் காட்டி, வலது பக்கமாகச் சரிந்து விழும் கோடுகளை விளக்கினார். “இது எவ்வளவு நாளா?” என்று அவர் கேட்டதற்குப் பெரியப்பா வழக்கம்போலப் பெரியம்மா முகத்தைப் பார்த்தார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கருவி பொருத்த ஆறு வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரைக்கும் ஆடியோலஜிஸ்ட் ஒரு வீட்டுப்பாடம் தந்தார், பெரியம்மாவுக்கு: அவருக்காகப் பதில் சொல்லக் கூடாது, பிறர் சொன்னதை நடுவில் நின்று திருப்பிச் சொல்லவும் கூடாது. சொல்கிறவர்கள் அவர் முகத்துக்கு நேராக வந்து சொல்லட்டும். பெரியம்மா சரி என்று தலையாட்டினார். காரில் ஏறியதும் பெரியப்பா என்னிடம் கேட்டார், “அந்தப் பொண்ணு உங்க பெரியம்மாகிட்ட என்னடா சொன்னுச்சு?”

பெரியம்மா வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, என் தோளைத் தட்டினார். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.